பதினேழாவது வரி

ரெஜினாவின் எண் எண்பத்தெட்டு என்று வந்தபோது எனக்கு ஆச்சரியமே இல்லை. அவசர அழைப்பு மையத்தில் பதினாறு வருடம் உட்கார்ந்தவருக்கு அதற்குக் குறைவாக வந்திருந்தால்தான் கருவியைச் சந்தேகப்பட்டிருப்பேன்.

எங்கள் மையம் திருச்சியில் இருக்கிறது. ஏழு மாவட்டங்களில் யார் ஆம்புலன்ஸ் கேட்டு அழைத்தாலும் அந்த அழைப்பு இங்கே வந்து எட்டு மேசைகளில் ஏதாவது ஒன்றில் விழும். மேசைக்காரர்கள் அடிக்கடி சோர்ந்து விழுந்ததால் வந்தது இந்த ஏற்பாடு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லோரும் ஒரு வாரம் நெற்றியில் ஒரு பட்டை கட்டிக்கொள்ள வேண்டும். எது எது மனத்தைப் பிடித்து இழுக்கிறது, எவ்வளவு இழுக்கிறது என்று அது பட்டியல் போட்டுக் கொடுக்கும். கூட்டிப் பார்த்தால் அறுபதைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வேண்டாதவற்றை எடுத்துவிட்டு இறங்கி வர வேண்டும். இறங்காதவர்களுக்குப் பதிவேட்டு அறை. அங்கே மனிதக் குரல் கேட்காது.

எடுத்துவிடுவது என் வேலை. பலகையில் ‘சுமை நீக்க அலுவலர், தணிகாசலம்’ என்று இருக்கும். மையத்தில் எல்லோரும் ‘பரண் சார்’ என்பார்கள், பரண் ஒழிக்க வந்தவன் என்ற கணக்கில். நான் கோபித்துக்கொண்டதில்லை. என் சொந்த எண் பதினான்கு. அந்தக் கட்டடத்திலேயே குறைவு. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

ரெஜினா எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பட்டியலை மூக்குக்கண்ணாடி வழியாகப் படித்தார். நாற்பத்து நான்கு வயது, தனியாக இருப்பவர். பேச்சில் வீண் வார்த்தை கிடையாது.

“எடுத்தா மறந்து போயிருமா சார்?”

“மறக்காது. இழுப்பு மட்டும் போகும். பல் டாக்டர் வேரை எடுக்கற மாதிரின்னு வச்சுக்குங்க. பல் இருக்கும், வலி இருக்காது.”

“திரும்ப வேணும்னா?”

“வைக்க முடியாது. அதான் யோசிச்சுச் சொல்லுங்கன்றது.”

“யோசிக்க என்ன இருக்கு? அந்த மேசை நாற்காலி போச்சுன்னா எனக்கு வேற ஒண்ணும் கெடையாது. நீங்க சொல்லுங்க, எதை எடுக்கலாம்?”

வீடு, கைபேசி, ஊர் உறவு, வேலை, மனக்குறை என்று ஐந்து பிரிவாகப் பட்டியல் வரும். வீட்டிலிருந்து தொடங்கினோம். பீரோவில் யாரோ கொடுத்து இவர் உடுத்தாத புடவைகள், எடை இரண்டு. பாதியில் நிற்கும் பிளவுசும் தையல் மெஷினும் சேர்த்து மூன்று. ஊருக்குப் போன எதிர்வீட்டுக்காரர் கொடுத்துவைத்த சாவி ஒன்று. அதே வீட்டுப் பூனைக்குச் சோறு வைப்பது மூன்று. கைபேசியில் பதினொரு குழுக்கள், அதில் நான்கு ஒரே கல்யாணத்துக்காக ஆரம்பித்தவை, மொத்தம் ஆறு. கோயில் மாதர் சபைச் செயலாளர் பதவி ஐந்து.

“சபையை எடுத்தா பதவிய விட்டுருவேனா?”

“விடறதும் விடாததும் உங்க இஷ்டம். விடறதுக்குக் கூச்சப்பட மாட்டீங்க.”

“அதுக்கே உங்களுக்குக் கோயில் கட்டலாம் சார்,” என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

இருபது குறைந்து அறுபத்தெட்டில் நின்றது. மீதியில் பெரியது, காப்பாற்ற முடியாமல் போன அழைப்புகள், எடை முப்பத்தொன்று. அதைத் தொட விதி இல்லை. முப்பதுக்கு மேல் கனமுள்ள எதையும் எடுக்கக் கூடாது, எடுத்தால் சுற்றியிருப்பதும் சேர்ந்து சரிந்துவிடும் என்பார்கள். மற்றவை எல்லாம் வீட்டு வாடகை, முழங்கால் வலி போன்ற, எடுத்தால் ஆபத்தான சில்லறைகள். மிஞ்சியது பதினேழாவது வரி.

‘தினசரி அழைப்பு. காலை 5.50. இரண்டாம் மணியில் நிராகரிப்பு. இதுவரை நிராகரித்தவை 6,570. பேசிய நேரம்: இல்லை. எடை 9. பரிந்துரை: எடுக்கலாம்.’

“இது யாரு?”

“எங்கண்ணன். நெலக்கோட்டைல இருக்காரு.”

“பேசறதில்லையா?”

“பதினெட்டு வருஷமா இல்ல.”

“பேசாத ஆளுக்கு ஒன்பதா? உங்க சபைக்கே அஞ்சுதான். தினம் வேணாம்னு தள்ளற ஒண்ணை எதுக்குச் சுமக்கணும்? இதை எடுத்தா அம்பத்தொன்பது. நாற்காலி உங்களுக்குத்தான்.”

ரெஜினா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏதோ சொல்ல வந்தது போல இருந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அடுத்த ஆள் வெளியே காத்திருந்தார். இப்போது நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது. ஒரே ஒரு கேள்வி பாக்கி வைத்திருந்தேன், அதைக் கேட்கவில்லை.

“சரி, எடுத்துருங்க சார்,” என்றார். நாற்பது நிமிடத்தில் முடிந்துவிட்டது.

மறுநாள் மதியம் சாப்பாட்டு வேளையில் கையில் டிபன் பாக்ஸோடு வந்தார். “ஒரு சந்தேகம் சார். நல்லாத்தான் வேலை செஞ்சிருக்கு, ஆனா கேட்டுக்கலாம்னு,” என்று ஆரம்பித்து, முதலில் காலை அழைப்பின் பதிவைக் கேட்கச் சொன்னார். என் அறையிலேயே போட்டுக் கேட்டேன்.

“அவசர உதவி மையம். என்ன உதவி வேணும்?” இது ரெஜினா. நேரம் காலை 6.02.

“என் தங்கச்சி ஃபோனைக் கட் பண்ணலம்மா.” வயதான ஆண் குரல், மூச்சு வாங்கியது.

“புரியல சார். நிதானமாச் சொல்லுங்க.”

“தினம் கட் பண்ணும். இன்னைக்குப் பண்ணல. மூணு தடவ அடிச்சுட்டேன், ஃபுல் ரிங் போயி நிக்குது. திருச்சில ஒத்தைல இருக்குது. வண்டி அனுப்புங்கம்மா.”

“எவ்வளவு நேரமா?”

“அஞ்சு அம்பதுலேர்ந்து. பன்னெண்டு நிமிஷம் ஆச்சு. நான் காத்துக்கிட்டு இருக்கல. ஒருக்கா அப்பிடி இருந்துட்டேன், இந்தத் தடவ இருக்கல. நீங்க அனுப்பிருங்க.”

“முகவரி, பேர் சொல்லுங்க.”

அவர் கதவு எண்ணோடு சொன்னார். பெயர் ரெஜினா மேரி என்றார். பதிவில் தட்டச்சுச் சத்தம் நின்றது.

“அவங்க நல்லா இருக்காங்க சார். வண்டி தேவையில்ல.”

“ஒனக்கு எப்பிடிம்மா தெரியும்?”

“நான்தான் பேசறேன்.”

எட்டு மேசைகளில் அந்த அழைப்பு அவர் மேசையில் விழுந்ததை யாராவது கதையாகச் சொன்னால் நானே நம்பமாட்டேன். ஆனால் நிலக்கோட்டை அழைப்பும் எங்கள் மையத்துக்குத்தான் வரும், எட்டில் ஒன்று என்பது அப்படி நடக்காத விஷயமும் இல்லை.

“ரெஜியா?”

“ஆமா சார்.”

“ஏம்மா கட் பண்ணல?”

“அது லிஸ்ட்ல இருந்துச்சு. நேத்து எடுத்துட்டாங்க. வேற ஏதாவது உதவி வேணுமா?”

“வேணாம்மா,” என்றார் அவர். பதிவு அங்கே முடிந்தது. ரெஜினா அதை ‘சேவை தேவைப்படவில்லை’ என்று வகைப்படுத்தி மூடியிருந்தார். விதிப்படி அதுதான் சரி.

“நான் ஃபோனைப் பாத்தேன் சார்,” என்றார் என்னிடம். “லாக்கர்ல வைக்கும்போது அடிச்சுது. அண்ணன்னு தெரிஞ்சுது. கட் பண்ணணும்னு தோணல. வச்சுப் பூட்டிட்டேன்.”

“கட் பண்றதுன்னா என்ன அர்த்தம்?”

“நான் இருக்கேன்னு அர்த்தம்.”

அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். அவர்கள் வீட்டில் யார் எந்த ஊருக்குப் போனாலும் போய்ச் சேர்ந்ததும் ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். இந்தப் பக்கம் கட் பண்ணினால் தகவல் வந்துவிட்டது என்று பொருள். யாரும் எடுத்துப் பேச மாட்டார்கள். அம்மாவுக்கு ஒரு ராத்திரி நெஞ்சு வலி வந்திருக்கிறது. அண்ணன் வாயு என்று நினைத்து சோடா வாங்கிக் கொடுத்திருக்கிறார். காலை முதல் பஸ்ஸில் மதுரைக்குக் கூட்டிப் போகலாம் என்று உட்கார்ந்திருந்தார். அந்த பஸ்ஸில் அவரே அப்போது கண்டக்டர். பஸ் கிளம்பும் நேரம் 5.50. அம்மா அதற்குள் இறந்துவிட்டார். ஒரு ஃபோன் போட்டிருந்தால் ஆம்புலன்ஸ் இருபது நிமிடத்தில் வந்திருக்கும். காரியம் முடிந்து திருச்சிக்கு வந்த ரெஜினா, இனி பேசுவதில்லை என்று முடிவு செய்தார்; வந்து சேர்ந்ததற்கான மிஸ்டு காலையும் கொடுக்கவில்லை. மறுநாள் காலை 5.50க்கு அண்ணனிடமிருந்து ஒரு மிஸ்டு கால், வந்து சேர்ந்தாயா என்று. கட் பண்ணினார். அடுத்த நாளும் வந்தது.

“அவர் அன்னைக்கு ஃபோன் பண்ணலங்கறதுதான் சார் என் கோவம். அதுக்காகத்தான் இந்த வேலைக்கே வந்தேன். பதினெட்டு வருஷம் கழிச்சு இன்னைக்குப் பண்ணிட்டாரு. பன்னெண்டே நிமிஷத்துல. இது ஒண்ணுக்குத்தான் காத்திருந்தேன்னு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஆனா கேட்டப்போ ஒண்ணும் ஆகல. அடுத்த கால் எடுத்துட்டேன்.” டிபன் பாக்ஸை மேசைமேல் வைத்தார். “அப்படித்தானே சார் இருக்கணும்?”

பதினேழாவது வரியை மறுபடி எடுத்துப் பார்த்தேன். கருவியை எங்கேயோ யாரோ செய்தார்கள். அந்த ஊரில் ஃபோன் அடித்தால் எடுப்பார்கள், வேண்டாம் என்றால் கட் பண்ணுவார்கள். அதனால் அது நிராகரிப்பு என்று எழுதியது. ஆனால் நான் அரியலூர்க்காரன். கல்லூரியிலிருந்து ஊருக்கு ஆயிரம் மிஸ்டு கால் கொடுத்தவன். கருவிக்குத் தெரியாததற்குக் காரணம் உண்டு, எனக்கு என்ன காரணம்?

திங்கட்கிழமை அண்ணன் நேரில் வந்துவிட்டார். பெயர் சூசைமாணிக்கம், வயது அறுபத்தாறு. சட்டைப் பையில் பேனா குத்தி, பேருந்தில் நிற்பது போலவே கால் அகட்டி நின்றார். ரெஜினாவைப் பார்க்க வரவில்லை என்று முதலிலேயே சொன்னார்.

“அதைத் திரும்ப வைக்க முடியுமா சார்?”

“முடியாதுங்க.”

“அப்ப எனக்கும் எடுத்துருங்க. காலைல அஞ்சு அம்பதானா கை தானாப் போகுது. அடிச்சாலும் தப்பு, அடிக்காட்டியும் தப்பு. நாலு நாளா இதே ரோதனை.”

வெளியாட்களுக்குச் செய்ய எனக்கு அனுமதி இல்லை. செய்தேன். உதிரிப் பட்டை ஒன்றைக் கொடுத்து ஒரு வாரம் கட்டிக்கொண்டு வரச் சொன்னேன். தொப்பிக்குள் மறைத்துக் கட்டிக்கொண்டு அடுத்த திங்களன்று வந்தார். பட்டியலை எடுத்துப் பார்த்தேன். கருவி பழுது என்று நினைத்து மறுபடி எடுத்தேன்.

ஒரே ஒரு வரிதான் இருந்தது. காலை 5.50, எடை அறுபத்தொன்று.

வீடு என்ற பிரிவில் எதுவும் இல்லை. உறவு, வேலை, மனக்குறை எதிலும் எதுவும் இல்லை. இப்படிச் சுத்தமான பட்டியலை நான் பார்த்ததே கிடையாது. பயிற்சி வகுப்பில் இதைத்தான் எட்ட வேண்டிய நிலை என்று படம் போட்டுக் காட்டுவார்கள். என்னுடைய பட்டியலும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். பட்டியலைக் கவிழ்த்து வைத்தேன்.

“எடுக்க முடியாதுங்க. முப்பதுக்கு மேல போனா தொடக் கூடாது.”

“எடுத்தா என்ன ஆவும்?”

“எதுவும் மிஞ்சாது.”

அவர் பட்டையை மடித்து, பயணிக்குச் சீட்டு கொடுப்பது போல இரண்டு விரலால் என்னிடம் நீட்டிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் ரெஜினாவைப் பார்த்து விஷயத்தைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“இப்ப நான் என்ன சார் பண்ணணும்?”

“காலைல கட் பண்ணுங்க. அவ்வளவுதான்.”

“எதுக்கு? எனக்குத்தான் ஒண்ணும் தோணலையே. நடிக்கிற மாதிரி ஆகாதா?”

“உங்க மேசைல ராத்திரி ஆள் போன அப்புறம் மைக்கைத் துடைக்கிறீங்களே, அது தோணியா செய்யறீங்க? டூட்டி ஷீட்ல இருக்கு, செய்யறீங்க.”

“ஷீட்ல எழுதிக் குடுங்க, செய்யறேன்,” என்றார். நம் ஆட்களில் எத்தனை விதம். ஷீட்டில் இருந்தால் ரெஜினா மலையையும் நகர்த்துவார். ‘5.50, கட் செய்யவும்’ என்று எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தேன். அதை லாக்கரின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டார்.

மறுநாள் ஆறு மணிக்கு சூசைமாணிக்கம் என்னை அழைத்தார். “கட் ஆச்சு சார். அதுவாப் பண்ணுச்சா, நீங்க சொல்லிப் பண்ணுச்சா?”

பொய் சொல்லலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. “நான் சொல்லித்தான்.”

“சரி சார். யாரு விசில் ஊதினா என்ன, வண்டி கெளம்பிருச்சு,” என்றார். குரல் தெளிவாகத்தான் இருந்தது. எனக்குத்தான் ஃபோனை வைத்த பிறகு ஒரு மணி நேரம் வேலை ஓடவில்லை.

மூன்று மாதம் போனது. ஒருநாள் தவறாமல் அவர் அடித்தார், இவர் கட் பண்ணினார். விடுமுறை நாளிலும் செய்கிறாரா என்று சந்தேகம் வந்து கேட்டதற்கு, “ஷீட்ல லீவுன்னு போடலையே” என்றார் ரெஜினா. பிறகு பட்டை கட்டும் வாரம் வந்தது. முடிந்ததும் எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். பட்டியலைத் திருப்பி அவர் பக்கம் வைத்தேன். நான் ஏற்கனவே பார்த்திருந்தேன்.

மொத்தம் அறுபத்து நான்கு.

“நாலு கூடியிருச்சா? எதனால?”

“அஞ்சு கூடியிருக்கு. முன்னாடி அம்பத்தொன்பது. கடைசி ரெண்டு வரியப் பாருங்க. ரெண்டும் புதுசு.”

‘தினசரி அழைப்பு. காலை 5.50. எடை 1. பரிந்துரை: எடுக்கலாம்.’

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அந்த வரியை விரலால் தடவினார். “இது எப்படி சார்? எடுத்தது வராதுன்னீங்க.”

“பழசு வரல. அதுல இருந்த கோபம் எதுவும் இதுல இல்ல. இது நீங்க தினம் கட் பண்ணிப் பண்ணி உண்டானது போல. எனக்கும் தெரியாது. இப்படி ஒண்ணு நான் பாத்ததில்ல.”

“போன செவ்வாக்கெழம அவர் ரெண்டு நிமிஷம் லேட்,” என்றார் ரெஜினா மெதுவாக. “அஞ்சு அம்பத்திரெண்டுக்குத்தான் வந்துச்சு. அதுவரைக்கும் லாக்கரைப் பூட்டாம நின்னேன். ஏன் நிக்கிறேன்னு எனக்கே தெரியல.” பிறகு அடுத்த வரிக்குப் போனார். அதைப் படித்ததும் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

‘சுமை நீக்க அலுவலர் மேல் கோபம். எடை 4.’

நான் பட்டியலை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் நகர்த்தினேன்.

“எனக்கு எதுவும் உறைக்கலன்னுதான் நெனச்சுக்கிட்டிருந்தேன்,” என்றார். “உங்ககிட்ட நல்லாத்தானே பேசிக்கிட்டிருக்கேன்.”

“கோபப்பட வேண்டியதுதாங்க. நியாயமானது.”

“நியாயம் இருக்கட்டும். இப்ப நாற்காலிக்கு நாலு எறங்கணும்ல?” பட்டியலைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். “உங்க மேல இருக்கற கோவத்தை எடுத்துருங்க சார். அந்த ஒண்ணு இருக்கட்டும்.”

வேறு எதையாவது எடுக்கலாம் என்று பார்த்தேன். போன தடவையே எல்லாம் எடுத்தாகிவிட்டது; அவ்வளவு நன்றாக ஒழித்திருந்தேன். அந்தக் கோபம் அவரிடம் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. வருடக்கணக்கில் என்மேல் யாரும் கோபப்பட்டதில்லை. கோபப்படும் அளவுக்கு நான் யாரிடமும் ஒட்டி இருந்ததில்லை. என் ஆசைக்காக அவர் பதிவேட்டு அறைக்குப் போக முடியாது. பத்து நிமிடத்தில் எடுத்துவிட்டேன். ரெஜினா எழுந்து, “தேங்க்ஸ் சார்” என்று சொல்லிவிட்டு ஆறாம் எண் மேசைக்குப் போனார். குரலில் பழைய மரியாதை மட்டும் இருந்தது, வேறு எதுவும் இல்லை.

அடுத்த வாரம் என் முறை. எனக்குப் பட்டியல் எடுப்பவர் மதுரை மையத்திலிருந்து வரும் ஓர் இளம் அதிகாரி. ஒவ்வொரு தடவையும் என் எண்ணைப் பார்த்துவிட்டு மற்றவர்களிடம் பெருமையாகச் சொல்பவர். இந்த முறை முகத்தைச் சுளித்தார்.

“சார், இருபத்தொண்ணு காட்டுது. ரெஜினான்னு புதுசா ஒரு வரி, எடை ஏழு. சின்னதுதான். எடுத்துடலாமா?”

“இருக்கட்டும்,” என்றேன்.